கைவினையும் ஓர் அமானிதமே

கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிது நிலம் உண்டு. அதன் காவலுக்கென முன்னோர் காலத்திலேயே உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றும் உண்டு. குழல் மடங்கும் இடத்தில் ஆட்டம் கண்டதால், வெளியூரில் உரிமம் பெற்ற ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது மரக்கட்டை மெருகேறிப் பளபளத்தது. ஆட்டமோ அப்படியே இருந்தது. அந்நிலையில் சுட்டிருந்தால் வெடிப்பின் வேகம் பின்புறமாகச் சீறிச் சுடுபவரின் கண்ணைப் பறித்திருக்கக் கூடும்.

பிழையில் எங்களுக்கும் பங்குண்டு. தொழுகை வரிசையில் நம்மோடு நிற்பவர் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தோம். மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தச் சொன்ன பெண்மணி, ஆற்றல், நம்பகம் என இரு தகுதிகளைக் கூறியதாகத் திருமறை (28:26) அறிவிக்கிறது. நாங்கள் ஒன்றை மட்டும் பார்த்தோம். அதையும் தோற்றத்தை வைத்தே பார்த்தோம்.

ஆயுதத்தைப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். ஆகவே முதலில் உரிமத்தைக் கண்ணால் காண வேண்டும். ஆனால் உரிமம் திறமைக்குச் சான்றாகாது. அவர் முன்பு செய்து கொடுத்த வேலைகளை விசாரிக்க வேண்டும். பழுது, கூலி, நாள் ஆகிய மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். "இது என்னால் ஆகாது" என்று சொல்லத் தயங்காதவரே நம்பத்தக்கவர்.

தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கித் தந்த இறைவன், கவசத்தின் கண்ணிகளை அளவாகப் பின்னும்படி கட்டளையிட்டதையும் திருமறை (34:10-11) சொல்கிறது. உயிர் காக்கும் பொருளில் அளவு பிசகலாகாது. கைத்தொழிலாளி தன் செயலால் பொருளைக் கெடுத்தால் ஈடு தர வேண்டும் என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு.

"சபூர் செய்து விட்டுவிடுங்கள்" என்றனர் சிலர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பணம் மட்டும் போயிருந்தால் மன்னிப்பது அழகு. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்னும்போது மௌனம் பொறுமையாகாது. அதற்காக ஊரைக் கூட்டி அவமதிப்பதும் முறையன்று. அவரைத் தனியே சந்தித்து, பழுதைக் காட்டி, திருத்த வாய்ப்பளித்தோம். முதலில் சினந்தார், பின்னர் அந்த வேலை தமக்குப் பழக்கமில்லை என ஒப்புக்கொண்டு கூலியைத் திருப்பித் தந்தார். இனி அவ்வேலையை ஏற்பதில்லை என வாக்கும் அளித்தார்.

அவர் மறுத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடியிருப்போம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

தையல் இயந்திரமாயினும் தண்ணீர் மோட்டாராயினும் நியாயம் இதுவே. கொடுப்பவர் விசாரித்துக் கொடுக்கட்டும். வாங்குபவர் அமானிதமாக ஏற்கட்டும். சகோதரத்துவம் உரசலின்றி நிலைக்க அதுவே வழி.