அரமும் மரமும்

அம்மாவுக்குக் கைத்தடி வாங்குவது ஐந்து நிமிட வேலை. மருந்துக் கடையிலேயே அலுமினியத் தடி கிடைக்கிறது. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கைப்பிடியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. முடக்குவாதத்தில் மடங்கிப்போன விரல்களுக்குள் அந்த வழவழப்பான பிளாஸ்டிக் பிடி நிற்கவில்லை. இரண்டு முறை தடி மட்டும் விழுந்தது. மூன்றாவது முறை அம்மாவும் சேர்ந்து விழுந்தார். எலும்பு முறியாதது எங்கள் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்கு வந்தார். தடி மூலையில் நின்றது.

பரணில் பழைய தேக்குக் கட்டிலின் கால் ஒன்று கிடந்தது. அதில் ஒரு பிடி செய்ய முடியுமா என்று தச்சரிடம் கேட்டேன். கடைசல் பிடித்துத் தருகிறேன் என்றார். கடைசலில் வருவது உருண்டை. அம்மாவின் உள்ளங்கை உருண்டை இல்லை. கட்டை விரலுக்கு ஒரு பள்ளம், சுண்டு விரல் பக்கம் ஒரு மேடு, நடுவில் கொஞ்சம் தட்டை என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அவர் சிரித்துவிட்டார். தடியின் குழாய் நுழைய ஒரு துளை மட்டும் போட்டு, மரத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “ஒரு மர அரம் வாங்கி நீங்களே தேய்ச்சுப் பாருங்க. அவங்க கையில வெச்சு வெச்சுப் பார்த்துதான் இதைச் செய்யணும்.”

அவர் சொன்னதன் நியாயம் பிறகுதான் புரிந்தது. உளியும் இழைப்புளியும் மரத்தின் நார் ஓடும் திசைக்குக் கட்டுப்பட்டவை. வளைவான பொருளில் அந்தத் திசை அடிக்கடி மாறும். எதிர்த்துப் போனால் உளி சிம்பு சிம்பாகப் பிய்த்துவிடும். அரத்துக்கு அந்தக் கவலை இல்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு வரும். பழகாத கைகூட ஒரே தள்ளலில் மரத்தைக் கெடுத்துவிட முடியாது. கோடரிக்காம்பு முதல் கிரிக்கெட் மட்டை வரை கையில் பிடிக்கிற பொருளைச் செய்கிறவர்கள் இதை விடாமல் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

இங்கே ஒரு பழைய குற்ற உணர்வையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு தச்சு வேலை பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் ஃபைல் வேறு, ராஸ்ப் வேறு. தமிழ் அகராதியில் இரண்டுக்கும் அரம்தான். முதலாவதை ‘அரம்’ என்றும் இரண்டாவதை ‘முரட்டு அரம்’ என்றும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். தமிழ் முதுகலை படித்தவளுக்கு அரம் என்றதும் திருக்குறள்தான் நினைவுக்கு வரும். மூன்று குறள்களில் அரம் வருகிறது. அதில் ஒன்றில் அரமும் மரமும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் வள்ளுவர் அங்கேகூட ஒன்றை இன்னொன்றின் மேல் தேய்க்கவில்லை. ஒன்றின் கூர்மையை எடுத்துக்கொண்டார், மற்றதன் ஜடத்தன்மையை எடுத்துக்கொண்டார், அவ்வளவே.

வித்தியாசம் முரட்டுத்தனத்தில் இல்லை, பல்லில் இருக்கிறது. இரும்பைத் தேய்க்கும் அரத்தில் குறுக்கே கோடு கோடாக உளியால் வெட்டியிருப்பார்கள். மரத்தில் தேய்த்தால் அந்தக் கோடுகளில் தூள் அடைத்துக்கொண்டு அரம் வழுக்கும். மர அரத்தில் ஒவ்வொரு பல்லும் தனித்தனி. கூர்முனையுள்ள உளியை எஃகில் சாய்த்து வைத்து அடித்தால் ஒரு முள் எழும்பி நிற்கும். கேரட் துருவியைக் கவிழ்த்துப் பார்த்தால் அதன் சொந்தக்காரர் யார் என்று தெரியும்.

அக்கறையில் முதலில் செய்தது அவசரம். பளபளப்பான பெரிய கடை ஒன்றில், உறையில் போட்டுத் தொங்கிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். பட்டாளம் அணிவகுத்தாற்போல் வரிசை பிசகாத பற்கள். பார்க்க அழகு. தேக்கில் பத்துத் தள்ளல் தள்ளியதும் உழுத வயல் மாதிரி சால்கள் விழுந்தன. நான் அழுத்த அழுத்த சால் ஆழமானது. கை நடுங்கிற்றோ என்று என்னையே சந்தேகப்பட்டேன்.

சந்தேகத்தைத் தீர்த்தவர் சிவாஜிநகரில் ஒரு பாய்.

1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் படை முகாம் அமைத்தபோது அதன் பின்னாலேயே வந்து குடியேறிய தமிழர்கள் பலர். அந்தப் பக்கத்தை ‘தண்டு’ என்று சொல்கிற பழக்கம் அன்றைய படையிலிருந்து வந்ததுதான். அதன் நடுவில் இருக்கிறது சிவாஜிநகர். ரஸ்ஸல் மார்க்கெட்டின் பூவும் பழமும் தாண்டிப் போனால், கழற்றிய வண்டிகளின் உதிரிபாகங்களுக்குப் பேர்போன குஜரி. என்ன கேட்டாலும் மூன்று மொழியில் பதில் வரும். கன்னடத்தில் அர, தக்னியில் ரேத்தி, தமிழில் அரம். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

“மரத்துக்கா, இரும்புக்காம்மா?” என்பதுதான் பாயின் முதல் கேள்வி. நான் கையோடு கொண்டுபோயிருந்த புது அரத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாப் பல்லும் ஒரே வரிசையில நிக்குது பாருங்க. முன்னாடி பல்லு போன வழியிலேயே பின்னாடி பல்லும் போவும். வேற எப்படி இருக்கும்?” என்றார்.

எனக்கு அம்மி கொத்துகிறவர் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். உளியால் அவர் கொத்தும் புள்ளிகள் கிட்டத்தட்ட வரிசையாக இருக்கும், ஆனால் முழுக்க வரிசையாக இராது. கைவேலையில் தானாகவே வந்துவிடுகிற அந்தச் சிறு பிசகுதான் மர அரத்திலும் வேண்டும். ஒரு பல் விட்டுவைத்த மேட்டை இன்னொரு பல் வந்து எடுக்கும். சால் விழாது.

பிரான்ஸில் ஓரியூ, லியோஜியே போன்ற பட்டறைகளில் இதை இன்றும் கையாலேயே செய்கிறார்கள். மென்மையாக்கிய எஃகில் ஒவ்வொரு பல்லாகக் கொத்தி எழுப்பிய பிறகுதான் அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவார்கள். ஓரியூவில் பல்லின் பருமனுக்கு 1 முதல் 15 வரை எண் உண்டு. எண் ஏற ஏற நயம். இடக்கைக்காரர்களுக்குப் பல்லைத் தனியாக அமைத்துத் தருவதும் உண்டு. விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும். ஒரு அரம் சுமார் பத்தாயிரம் ரூபாய். அமெரிக்காவில் நிக்கல்சன் நிறுவனம் (1864-ல் தொடங்கியது) இதே பிசகை எந்திரத்துக்கே கற்றுக்கொடுத்தது. அதன் 49, 50 என்ற இரண்டு எண்களும் தச்சர்களிடையே பிரசித்தம். 50 சற்று நயமானது. நம் நாட்டிலும் அரத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டுத் துணிக்குப் பெயர்பெற்ற ரேமண்ட் குழுமம்தான் ஜே.கே. என்ற பெயரில் அரங்கள் செய்து உலகெங்கும் அனுப்பிவந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

எனக்குப் பத்தாயிரம் கட்டாது. பாய் ஒரு சாக்கை உதறினார். முதலில் வந்தது ஒரு முழ நீளத் தட்டை அரம். ஒரு பக்கம் முள், மறு பக்கம் கோடு. “குதிரைக் குளம்புக்கு.” லாடம் கட்டுகிறவர்கள் குளம்புக்கு மழுங்கிவிட்டது என்று கழித்துப்போடும் அரம் மரத்துக்கு இன்னும் பல நாள் உழைக்கும். ஆனால் தட்டை அரத்தால் பள்ளம் எடுக்க முடியாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் வளைவு உள்ள அரைவட்ட அரத்தைத்தான் வாங்க வேண்டும். மேட்டுக்குத் தட்டை, பள்ளத்துக்கு வளைவு. பத்து அங்குலம் போதும்.

அப்படி ஏழெட்டு இருந்தன. நான் கட்டை விரலால் தடவிப் பார்க்கப் போனேன். “தொடாதீங்கம்மா, பாருங்க,” என்று ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். நடுப்பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் அடித்தது. “பல்லு மினுக்கினா மொட்டைன்னு அர்த்தம்.” கூரான முனையில் வெளிச்சம் திரும்புவதற்கு இடமிருக்காது. மழுங்கி, தட்டையான முனைதான் கண்ணாடி போல மின்னும். பத்து ஆண்டுப் புழக்கத்தை ஐந்து விநாடியில் சொல்லிவிடும் சோதனை இது. உறைக்குள் இருக்கும் புது அரத்தில் இதைச் செய்ய முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மின்னாத இரண்டை எடுத்துக்கொண்டேன், ஒன்று கொரகொரப்பு, ஒன்று நயம். கம்பெனிப் பெயர் துருவில் போயிருந்தது. மேலோட்டமான துருதான். பாய் சொன்னபடி ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, எண்ணெய் தடவினேன். வினிகர் துருவை அரிப்பதோடு பல்லையும் சற்றுக் கூராக்குகிறது. அடிக்கூருக்கு மரப் பிடி மாட்டாமல் தொடவே கூடாது என்று மட்டும் பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அரம் எங்காவது தடுக்கினால் அந்தக் கூர் நேராக உள்ளங்கையில் இறங்கும்.

மரத்தை ஜன்னல் திண்டில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு ஆரம்பித்தேன். முன்னால் தள்ளும்போதுதான் பல் வெட்டும். பின்னால் இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், தேய்த்தால் பல் போய்விடும். இதைக் கை கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று. கொரகொரப்பு அரத்தால் உருவம், நயத்தால் அதன் கீறல்களை எடுப்பது, கடைசியில் உப்புத்தாள். இடையில் பத்துத் தரமாவது கிளாம்பைக் கழற்றி, மரத்தை அம்மாவின் கையில் கொடுத்து வாங்கினேன். பிடித்துப் பார்த்து, “இங்கே இடிக்குது” என்பார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி. மறுபடி நாலு தள்ளல்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. போன வாரம் பிடியைத் தடியில் ஏற்றி, அம்மா சுவரைத் தொடாமல் கூடத்தைக் கடந்து வாசல் வரை போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கட்டை விரல்கிட்ட இன்னும் ஒரு நூல் எடுக்கணும்,” என்றார்.