சோலைவரியும் தனித்த முதியோரும்

ஆதனவரியைச் சோலைவரி என்பது ஈழத்துத் தமிழரிடையே பழகிய வழக்கு. சோலை என்றதும் நிழலும் கனியும் நெஞ்சில் எழும். எங்கள் தண்ணீரூற்றில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் வளவிலோ, இரண்டு முருங்கையும் ஒரு தென்னையுமே நிற்கின்றன. வரிப் பேச்சு எழுந்தபோது அவர் என்னிடம், “வீடு பெரிசுதான் தம்பி, அது எனக்கு உலை வைக்குமோ?” என்று கேட்டார். உள்ளூராட்சி மன்றத்தார் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய கேள்வி அது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், அபிவிருத்தியடைந்தன என வகுக்கப்பட்ட பகுதிகளில் ஆதனவரி விதிக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கு அளித்திருக்கின்றது. அவ்வரிக்கு அளவுகோல் ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதி. உடையவரின் கையில் என்ன உண்டு என்று அது கேட்பதில்லை. 2009இல் போர் முடிந்தபின் வெறுந்தரைக்குத் திரும்பிய வன்னி மக்கள் பலர், இந்திய வீடமைப்புத் திட்டம் முதலியவற்றாலேயே கல்வீடு கண்டனர். அத்திட்டத்தின் கொடை வீடொன்றுக்கு 550,000 ரூபா. கொடையால் எழுந்த சுவர் வீட்டின் மதிப்பை உயர்த்தும், வருவாயை உயர்த்தாது.

சலுகை என்பது சபைகளுக்குப் புதிதுமன்று. ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் செலுத்துவோர் நூற்றுக்குப் 10 கழிவு பெறுகின்றனர். கையில் பணமுள்ளவருக்குக் கழிவு; இல்லாதவருக்கு நிலுவை! இது நீதியாகுமா?

வரியின்றித் தெருவிளக்கு எரியாது, நூலகம் திறவாது என்பர் சிலர். மெய்தான். ஆயின் வழியில்லாமற் போகவில்லை. ‘அஸ்வெசும’ உதவி பெறும் வறிய முதியோரின் பட்டியல் அரசிடம் ஏற்கனவே உண்டு; 2025இல் அவர்க்குரிய மாதக் கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. அப்பட்டியலில் உள்ளோர் குடியிருக்கும் வீட்டுக்கு வரியைத் தள்ளிவிடலாம். அரசு ஒரு கையாற் கொடுப்பதைச் சபை மறு கையால் வாங்குவானேன்?

பட்டியலில் இடம்பெறாத, கைமுட்டுப்பாடுள்ள ஏனைய முதியோருக்கு ஒத்திவைப்பு ஏற்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1974 முதல் அத்தகைய ஏற்பாடு உண்டு. முதியோரின் வரியை மாகாண அரசு செலுத்திவிட்டு, வீடு கைமாறும்போது வட்டியுடன் அறவிடுகின்றது. நம் வளவுகளுக்கு உரித்தாளர் பலர் அதே கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். தாயின் உலைக்குரிய காசை இன்று பறிப்பதினும், உரித்தாளரிடம் நாளை பெறுவது அறமன்றோ?

2025 மே மாதத் தேர்தலின் பின்னர் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் சபைகளில் மீண்டும் அமர்ந்திருக்கின்றனர். எங்கள் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையும் ஏனைய சபைகளும் இதனை ஆராயட்டும். சட்டம் இடந்தராவிடின் திருத்தம் கோரித் தீர்மானம் நிறைவேற்றட்டும். ஒன்றைமட்டும் வற்புறுத்துவேன்: அச்சலுகை விதியாக எழுதப்படல் வேண்டும். பலமுறை இடம்பெயர்ந்து, பலரிடம் கையேந்தி, இறுதியில் தம் வாசற்படியை அடைந்த முதியவர், அந்தப் படியில் வாழ்வதற்காக மற்றொரு முறை மனுவோடு வரிசையில் நிற்கலாகாது.