விளையாட்டே மருந்து

ஆட்டிசம் உள்ள குழந்தை கடைத்தெருவில் காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது, அதைப் பிடிவாதம் என்றும் பெற்றோரின் வளர்ப்புத் தோஷம் என்றும் தீர்ப்புக் கூறிவிடுவது நம்மிடையே இன்னும் வழக்கமாயிருப்பது மிகவும் வருந்தத்தக்கது. ஓசையும் ஒளியும் கூட்டமும் தாங்கொணாத பாரமாகும்போது, அந்தத் தவிப்பைச் சொல்ல வார்த்தை வராமையால் எழுவதே அவ்வலறல்.

அத்தவிப்பைச் சொல்லவும் தணிக்கவும் விளையாட்டின் வழியே கற்பிக்கலாம். பச்சை சாந்தத்துக்கும், மஞ்சள் பதற்றத்துக்கும், சிவப்பு கோபத்துக்கும் அடையாளமாக அமைந்த அட்டைகளில் ஒன்றைக் குழந்தை தொட்டுக் காட்டுவதும், சோப்புக் குமிழ் உடையாமல் பெரிதாகவேண்டுமே என்ற ஆசையில் மெல்ல ஊதி, தன்னையறியாமலே நெடுமூச்சு விடப் பழகுவதும், பார்வைக்கு வெறும் விளையாட்டாயினும், உண்மையில் மனத்தை ஆளக் கற்பிக்கும் சிறந்த அப்பியாசங்களாகும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே, புதுச்சேரியில் சத்யா சிறப்புப் பள்ளி போன்ற சேவா ஸ்தாபனங்கள் சிரத்தையுடன் ஆற்றிவரும் பணியை அவற்றின் பொறுப்பாகவே விட்டுவிடாமல், அங்கன்வாடிதோறும் அரசுப் பள்ளிதோறும் அட்டை, சோப்புக் குமிழ் முதலிய இவ்வுபகரணங்களையும், அவற்றைப் பிரயோகிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரையும், அந்நகரின் பாரதி பூங்காவில் அமைதியான ஒரு விளையாட்டு மூலையையும் ஏற்படுத்தித் தருவது அரசாங்கத்தின் கடமை. செலவு சொற்பம்; பிரயோஜனமோ ஆயுள் முழுவதற்கும் உரியது.