மாடு யாருது?

மாட்டுக்கு எதுக்குய்யா மென்பொருள் என்று கேட்கும் கூட்டத்தில் நான் இல்லை. என் பிழைப்பே மென்பொருள்தான். என் சண்டை ஒரு கட்டத்தோடு. படிவத்தில் 'உரிமையாளர்' என்று இருக்கிறதே, அந்தக் கட்டம்.

2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் கோமாரி, புருசெல்லோசிஸ் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தடுப்பூசி போட்ட மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை. அந்த எண்ணை முதலில் 'இனாஃப்' தளத்தில் ஏற்றினார்கள், இப்போது 'பாரத் பசுதன்'. நல்ல காரியம்தான். கோடிக்கணக்கான மாடுகளில் எதுக்கு ஊசி போட்டோம் என்பதை யாரும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது.

ஆனால் அந்தத் தரவுத்தளம் மனசில் வைத்திருப்பது ஒரு பண்ணையை. அமெரிக்காவின் கொலராடோவில் யாக் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு (நம் கவரிமாவே யாக்தான் என்று ஒரு கட்சி இருக்கிறது, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை). அங்கே வேலிக்குள் மாடு, மாட்டுக்கு ஒரு குடும்பம். வாங்கியதும் வளர்ப்பதும் கணினியில் குறித்துவைப்பதும் அவர்களே. ஒரு பெயர், ஒரு போன் நம்பர் போதும்.

மரக்காணத்துக்கு வாருங்கள். உப்பளத்துக் கூலிக்குப் போகிற பெண் ஒரு மாட்டை வாரத்துக்குப் பிடித்திருக்கிறாள் என்று வையுங்கள். காசு போட்டவர் வேறு, புல் அறுத்து, சாணி அள்ளி வளர்ப்பவள் வேறு. கன்றிலோ லாபத்திலோ பங்கு. பேச்சு வாய்ப்பேச்சுதான். இப்ப சொல்லுங்க, மாடு யாருது? ஊருக்குத் தெரியும், இரண்டு பேருதும். தரவுத்தளத்துக்கு ஒருத்தருதுதான்.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்பீர்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும். அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. மிச்சத்துக்குப் பால் காசுதான். அந்த நேரத்தில் மாடு செத்தால்? காப்பீட்டு நிறுவனங்களின் விதி, வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. வில்லை இருந்தாலும் பணம் பதிவான பெயருக்குத்தான் போகும். அவளுடைய பங்குக்கு அத்தாட்சி ஒரு வரிகூட கிடையாது. '1962' என்று விவசாயிகளுக்கே ஒரு செயலி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதுவும் பதிவானவரின் போனைத்தான் நம்பியிருக்கிறது.

இதே அலட்சியம் 'இனம்' என்ற கட்டத்திலும். ஜெர்சி உண்டு, காங்கேயம் உண்டு. பெயர் பெற்ற இனம் எதிலும் சேராத நாட்டு மாடு 'நான்-டிஸ்கிரிப்ட்'. வர்ணிக்க முடியாததாம்! மயிலை, செவலை, காரி, கொம்பில்லாவிட்டால் மோழை என்று நிறத்துக்கும் கொம்புக்கும் பெயர் வைத்த மொழி இது. முக்கூடற்பள்ளு மாட்டு வகைகளுக்கு ஒரு பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. வர்ணிக்கத் தெரியாதது உங்க டிராப்டவுனுக்குத்தான் சார்.

'வளர்ப்பவர்' என்று இன்னொரு கட்டம் சேர்க்க ஒரு நிரலாளருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. கட்டம் வந்துவிட்டால் அவளுக்கும் பாத்தியதை வந்துவிடும், அதில்தான் சிக்கல்.

சினை ஊசி போட்ட தேதியும் அதே தளத்தில்தான் ஏறுகிறது. 21 நாள் கழித்து மாடு மறுபடி பருவத்துக்கு வருதா என்று பார்க்கப்போவது அவள். நின்றிருந்தால் சுமார் 280 நாளில் கன்று, ராத்திரி கூட உட்கார்ந்திருக்கப்போவதும் அவள். அவளோ காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். இருபதாம் நாள் தமிழில் ஒரு குரல் அழைப்பு, அவளுடைய நம்பருக்கு. முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.