கனக்கும் பலகைக்குள் கடல் இருக்கிறது!

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் காலையில் கரையோரம் நின்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட சர்ஃப்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைக்கு ஓடுகிறார்கள். அந்தப் பலகை பல வீடுகளில் சைக்கிளைவிட விலை உயர்ந்த பொருள். பலகை திடீரென்று கனக்க ஆரம்பித்தால், வீட்டில் எல்லோருக்குமே கவலைதான்.

இப்போது வரும் பலகைகளில் பல சாண்ட்விச் முறையில் செய்தவை. நடுவில் தெர்மாகோல் இனத்து நுரை. அதற்கு மேல் கெட்டியான பி.வி.சி நுரைத் தகடு அல்லது மெல்லிய மரத்தகடு. அந்தத் தகட்டின் இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ் துணியும் எபாக்ஸி ரெசினும். எடை குறைவு, உறுதி அதிகம்.

ஆனால், பாறையிலோ இன்னொரு பலகையிலோ இடித்து ஓட்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும். தெர்மாகோல் மணிகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத் தண்ணீர் ஊர்ந்து போய்விடும். ஓட்டை வால் பக்கம் இருக்கும். ஈரம் நடுவில் நிற்கும். நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறி ‘பொத்’தென்று கேட்கும் இடத்தில் மேல்தோல் பிரிந்திருக்கிறது.

பலரும் செய்வது, அன்றைக்கே ஓட்டையை அடைத்துவிடுவது. அதுதான் பலகைக்கு எமன். உள்ளே மாட்டிய ஈரம் வெயில் சூட்டில் ஆவியாகி, காற்றும் விரிந்து, ஒட்டியிருக்கும் தோலை இன்னும் பிரிக்கும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் போட்டாலும் இதே கதைதான்.

சரியான வழி, பொறுமை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அது கீழே பார்க்கும்படி நிழலில் சாய்த்து வையுங்கள். ஃபேன் காற்று படட்டும். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருக்கிறதா? இன்னும் காயவில்லை. ஒரு வாரமாக அதே எடையில் நிற்கிறதா? இப்போது வேலையைத் தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஏ.சி அறையில் வைத்தால் கொஞ்சம் சீக்கிரம் காயும்.

பிறகு, பிரிந்த தோலை நல்ல பகுதி வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். பள்ளத்தை, நிரப்பும் பொடி கலந்த எபாக்ஸியால் நிரப்பி, மேலே அதே வகைத் தகட்டைப் பதித்து, பாரம் வைத்து இறுகவிட வேண்டும். அதன்மேல், சுற்றியுள்ள நல்ல பகுதியையும் சேர்த்து மூடுவதுபோல் ஃபைபர் துணி ஒட்டி, கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம்.

இரண்டு எச்சரிக்கைகள். பாலியெஸ்டர் ரெசினைத் தொடவே வேண்டாம். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸியில் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, பிசுபிசுவென்றுதான் நிற்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவே அளவு.

தோல் பாதிக்கு மேல் பிரிந்துவிட்டால், செலவு செய்யும் முன் யோசியுங்கள். அலையில் நடுவே முறியும் பலகை, ஆளையும் காயப்படுத்தும். சின்னக் கீறல் என்றால், தண்ணீரை விட்டு உடனே வெளியே வாருங்கள். அன்றைக்கு விட்டுக்கொடுக்கும் நாலு அலைதான் பலகையைக் காப்பாற்றும்.