இம்மி கற்பிக்கும் பாடம்

"இம்மியளவும் ஐயமில்லை" என்று நாம் நாள்தோறும் கூறுகின்றோம். அவ்விம்மி எத்துணை அளவினது என வினவின், விடையளிப்போர் சிலரே. பழந்தமிழ்க் கணக்கு மரபில் ஒன்றை 320 கூறிட்டால் ஒரு கூறு முந்திரி. முந்திரியை மீண்டும் 320 கூறிட்டால் கீழ்முந்திரி. கீழ்முந்திரியை 21 கூறிட்டால் இம்மி. ஆகவே, ஒன்று என்பது இருபத்தொரு இலட்சத்து ஐம்பதினாயிரத்து நானூறு, அஃதாவது 2,150,400 இம்மி கொண்டது.

இதனைக் காட்டி, நம் முன்னோர் எத்துணை நுண்ணிய அளவைக் கண்டனர் என வியப்போர் பலர். எமது கருத்து வேறு. சிறிய பின்னத்துக்குப் பெயரிடுதல் எவர்க்கும் எளிது. இவ்வெண்ணின் சிறப்பு, அதன் அமைப்பிலேயே உள்ளது.

320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகிய தொகை. அரை, கால், மா, காணி யாவும் அதனுள் மீதியின்றி அடங்கும். மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் அடங்கா. 320 ஐ 320 ஆல் எத்தனை முறை பெருக்கினும் அடங்கா. 21 என்பதோ மூன்றும் ஏழும் பெருகியது. அவ்வொரு பெருக்கத்தால் இரு குறைகளும் நீங்குகின்றன.

மூன்றிலொரு பங்கு ஏட்டில் மட்டும் வருவதன்று. 1906 இல் மன்னார்க் கரையின் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நிகழ்ந்தபோது, பின்னாளில் ஆங்கில எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப் அங்கே அரசாங்க உத்தியோகத்தராய்ப் பணிபுரிந்தார். அந்நாளில் சிப்பிகள் மூன்று பங்காக்கப்பட்டன. இரண்டு அரசாங்கத்துக்கும் ஒன்று குளித்தோர்க்கும் உரியன. குவியலைக் கையாற் பிரித்துவிடலாம். அப்பங்கை எண்ணால் எழுதப் புகுந்தால், தசமத்தில் 0.333 என முடிவின்றி நீளும். கீழ்முந்திரியில் 34,133 எழுதிய பின்னும் மீதி நிற்கும். அம்மீதி சரியாக 7 இம்மி. கணக்கு முடிந்தது.

மரிச்சுக்கட்டியில் இம்மிக் கணக்கு வழங்கிற்று என்று யாம் கூறவில்லை. கடற்கரையில் எழும் எளிய பங்கீடொன்றுக்கும் இவ்வெண் விடையளிக்கின்றது என்பதே எமது கூற்று.

இதன் எல்லையையும் மறைத்தல் தகாது. 2,150,400 க்கு 156 வகுத்திகள் உள. 1 முதல் 8 வரை எல்லா எண்களாலும் அது மீதியின்றி வகுபடும். 9 இல் தடைப்படும். ஏனெனில் அதனுள் மூன்று ஒருமுறையே உளது. 11, 13 ஆகியவற்றாலும் வகுபடாது. இவ்வுண்மையைச் சொல்வதால் முன்னோர்க்கு இழுக்கில்லை. ஓர் எண் எதைச் செய்யும், எதைச் செய்யாது என அறிதலே கணிதம்.

ஆசிரியப் பெருமக்கள் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவாராக. மாணாக்கர் அவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, 156 வகுத்திகளையும் தாமே எண்ணிக் காணட்டும். செய்து பாராத கணக்கைக் கொண்டு பேசும் பெருமை பிறர் வினவும்போது நில்லாது. ஒருமுறை செய்து பார்த்த மாணவனோ எச்சபையிலும் விடை கூறுவான்.