உளவியல் சரி, எந்த உளவியல்?

எஸ்பிஎம் முடிக்கும் முன்பே "நான் உளவியல் படிக்கப் போகிறேன்" என்று சொல்லும் மாணவர்களைப் பார்க்கிறேன். மகிழ்ச்சிதான். ஆனால் இளங்கலைப் பட்டம் மட்டும் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. மலேசியாவில் அது 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வரும் தொழில். மேற்பார்வையில் நோயாளிகளைச் சந்தித்துப் பயிலும் மருத்துவ உளவியல் முதுகலை அதற்கு வேண்டும். ஆலோசகர்களுக்கோ 1998ஆம் ஆண்டின் தனிச் சட்டம், தனிப் பதிவு. ஆய்வேடு மட்டுமே எழுதி வாங்கும் முதுகலை இவ்விரண்டுக்கும் போதாது. தொழில்துறை உளவியல் என்றால் ஆள்தேர்வு, பணியிடம். அங்கே நோயாளியே இல்லை.

என் விருப்பத்தைக் கேட்டால், உங்களில் சிலராவது மருத்துவ உளவியலுக்குப் போகவேண்டும். மனச்சோர்வை "நெஞ்சு பாரமா இருக்குய்யா" என்று சொல்லும் பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்தா சிகிச்சை தருவது? ஆகவே, கட்டணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்: பயிற்சி எத்தனை மணிநேரம், எந்த மருத்துவமனையில், மேற்பார்வையிடுபவர் யார்?